முடிச்சில்லாத முத்திரை

"அவரே செஞ்சேன்னு ஒத்துக்கினாரு மேடம். ஆனா அவரு செய்யல. அதை நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்."

வந்ததும் வராததுமாக இப்படிச் சொன்ன பெண்ணை ராம்ப்ரஸாத் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். இல்லவே இல்லை என்று சாதிக்கிறவனுக்காகப் பரிந்து பேச வருகிறவர்களைப் பார்த்திருக்கிறான். ஒத்துக்கொண்டவனுக்காக வந்தவளை அன்றுதான் பார்த்தான்.

அவனுடைய பெரியப்பா மகள் வத்ஸலா, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயர். நசுங்கிய வண்டியைப் பார்த்தே ஓட்டியவன் மனசைச் சொல்லிவிடுவாள் என்று சின்னக் காஞ்சிபுரத்தில் பேச்சு. ராம்ப்ரஸாத்துக்கு அவளுக்காகப் போட்டோ எடுப்பது வேலை, அவளை முந்திக்கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிப்பது ஆசை. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆசைதான் ஒரு தடவைகூடப் பலித்ததில்லை, பாவம்.

"உட்காரும்மா. தண்ணி குடி. அப்புறம் முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் வத்ஸலா.

அந்தப் பெண் காவேரி. பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். அவளும் அவள் தம்பி தர்மனும் சேர்ந்துதான் வீட்டுத் தறியை ஓட்டினார்கள். கூரம் சாலையில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் தேவேந்திரன் அவளுக்கு மாமன் மகன். வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அது 2006ஆம் வருஷத்து மாசி மாதம். பாலாற்று மணலில் உள்ளூர் ஜீப் கிளப் நடத்திய போட்டியில் தேவேந்திரன் தன் பழைய ஜீப்பை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவன் தர்மன். மேட்டிலிருந்து இறங்கித் திரும்ப வேண்டிய இடத்தில் ஜீப் திரும்பாமல் நேராகப் போய்க் கவிழ்ந்தது. தேவேந்திரன் சிராய்ப்போடு தப்பினான். தர்மன் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டான்.

"வலது காலை எடுத்துட்டாங்க மேடம். இடது கையிலயும் கட்டு. சென்னை ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்கான். ஒரு வாய் சோறுகூட நான்தான் ஊட்டணும்." காவேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கவுந்த ஜீப்பைப் பிரிச்சுப் பாத்தப்போ பின்னாடி அச்சுல லாக் போட்டிருந்துச்சாம். அது போட்டா வண்டி சரியாத் திரும்பாதாம். அவங்க ஓட்டுன பிரிவுல அதைப் போடவே கூடாது. கேட்டதுமே மாமா 'நான்தான் போட்டேன்'னுட்டாரு. எங்கப்பா கல்யாணத்தை நிறுத்திட்டாரு. ஞாயித்துக்கிழமை கிளப்புல கூட்டம் போட்டு அவரை மொத்தமா நீக்கப்போறாங்க."

"அவர் பொய் சொல்றார்னு உனக்கு எப்படித் தோணித்து?"

"எம்மூஞ்சியப் பாத்து சொல்லல மேடம். அவரு பொய் சொல்லித் தெரியாதவரு. அவரு செஞ்சிருந்தா எனக்கு அவரு வேணாம். செய்யலேன்னா யார் தடுத்தாலும் நான் விடமாட்டேன். எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"தெரிஞ்சப்புறம், ஏண்டா கேட்டோம்னு இருக்கலாம். பரவாயில்லையா?" என்றாள் வத்ஸலா.

"பரவாயில்ல" என்றாள் காவேரி.

தேவேந்திரனின் பட்டறைக்கு அன்று மத்தியானமே போனார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முப்பது வயது ஆள், முழங்கையில் இன்னும் பிளாஸ்திரி.

"காவேரி அனுப்பிச்சாளா? எதுக்கு மேடம் உங்களுக்கு வீண் அலைச்சல்? செஞ்சேன், ஒத்துக்கினேன், முடிஞ்சுபோச்சு."

"எப்படிச் செஞ்சேள்னு மட்டும் சொல்லுங்கோ, போயிடறேன்."

அவன் மடமடவென்று ஒப்பித்தான். சக்கரங்களுக்கு நடுவில் உருண்டையாக இருக்கும் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை எடுத்துவிட்டு, புதுப்பேட்டையில் வாங்கிய லாக்கை வைத்து மூடினானாம். வண்டி திரும்பும்போது பின்சக்கரம் ரெண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். லாக் போட்டால் ரெண்டும் சேர்ந்தே சுற்றும். மணலில் ஒரு சக்கரம் புதைந்தாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டு போய்விடும், திரும்பத்தான் அடம்பிடிக்கும். வேலையைச் சொன்னபோது அவன் குரலில் தடுமாற்றமே இல்லை.

"யாரும் திறக்காம இருக்க கிளப்ல மூடியில நூல் கட்டி முத்திரை வெச்சிருந்தாளே?"

தேவேந்திரன் ஒரு கணம் விழித்தான். "நூலை அறுத்தேன். அப்புறம் மறுபடி முடி போட்டு, முடிச்சைப் போல்ட்டுக்குப் பின்னாடி தள்ளிட்டேன்."

"தறியில உட்கார்ந்திருக்கேளா?"

"எங்கப்பாவே தறிய வித்துட்டு லேத் போட்டவரு. எனக்கு ஸ்பேனர்தான் தெரியும்."

வெளியே வந்ததும் ராம்ப்ரஸாத் துள்ளினான். "அக்கா, இவன் இல்லை. எனக்கு ஆளே கிடைச்சாச்சு! இவாளுக்கு எதிரா ஓட்டின கோதண்டபாணி. செவிலிமேட்டுல ப்ளாட் போட்டு விக்கறவர். இவா ஜெயிச்சுடக் கூடாதுன்னு சதி பண்ணியிருக்கார்."

"எதிராளி வண்டிக்கு பலத்தைக் கூட்டிக் குடுத்து எவண்டா சதி பண்ணுவான்? வண்டியை ஸ்டார்ட் பண்ணு."

கிளப் தலைவர் மயில்வாகனம் பெரிய பட்டுக்கடைக்காரர், தறிக்காரப் பரம்பரை. கடையின் மாடியில்தான் கிளப். சுவரில் விதிமுறை அட்டை தொங்கியது. ஸ்டாக் பிரிவு: கம்பெனியில் வந்தபடியே இருக்கும் வண்டிகள். மாடிஃபைடு பிரிவு: பட்டறையில் மாற்றம் செய்த வண்டிகள். அவ்வளவுதான் விதி. முத்திரையும் அவர் யோசனைதான். போல்ட்டுகளின் தலையில் துளை போட்டு, அதில் சிவப்புப் பட்டிழையைக் கோர்த்து, ரெண்டு நுனியையும் அரக்கில் புதைத்துக் கடை முத்திரையைக் குத்திவிடுவார்.

"எனக்கு இதுதாம்மா மண்டையக் குடையுது" என்றார் அவர். "போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில நானே ஜாக்கி போட்டுத் தூக்கிப் பாத்தேன். ஒரு சக்கரத்தைச் சுத்துனா இன்னொண்ணு எதிர்ப்பக்கம் சுத்துச்சு. லாக் இல்லேன்னு அர்த்தம். உடனே முத்திரை வெச்சேன். வண்டிங்க எல்லாம் மில் காம்பவுண்டுல, வாசல்ல காவல். ஓட்டறவரும் கூட வர்றவரும் தவிர ஒருத்தரும் உள்ள போகல. ஞாயித்துக்கிழமை வண்டி கவுந்தப்புறம் பாத்தா முத்திரை அப்படியே இருக்குது, உள்ள லாக் இருக்குது! மாயமா இருக்கேன்னு நிக்கறேன், தேவேந்திரன் நான்தான்னுட்டான். அப்புறம் எங்க ஆராயறது?"

முத்திரையை அவர் எடுத்துக் கொடுத்தார். அரக்குக்குப் பக்கத்தில் அவரே கத்தரித்து எடுத்திருந்தார். அரக்கு சேதமில்லாமல் இருந்தது. வத்ஸலா அதை வெளிச்சத்தில் பிடித்து, நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவினாள். ராம்ப்ரஸாத் காமிராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். எங்கேயும் முடிச்சு இல்லை.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்கோ. நீங்களே அந்த வண்டியைத் திறந்திருந்தா?"

மயில்வாகனத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் எதுக்கும்மா ஒளிச்சு வேலை செய்யணும்? நூலு எங்கிட்ட, அரக்கு எங்கிட்ட, முத்திரை எங்கிட்ட. அறுத்துப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு கட்டிட்டுப் போறேன்!"

"அதேதான். ரொம்ப சரி" என்றாள் வத்ஸலா. "சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் இங்கே வரச்சொல்லுங்கோ."

சனிக்கிழமை கிளப் மாடியில் மயில்வாகனமும் கோதண்டபாணியும் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தேவேந்திரன் தலையைக் குனிந்தபடி இருந்தான். காவேரி அவனை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தாள்.

"தேவேந்திரன் முடி போட்டேன்னு சொல்றார்" என்று ஆரம்பித்தாள் வத்ஸலா. "இந்த நூல்ல முடிச்சே இல்லை. அப்போ அவர் திறக்கலை."

"அதான் பாத்தேன்!" என்று மயில்வாகனம் நிமிர்ந்தார்.

"பார்க்கலையே ஐயா. ஒத்துக்கிட்டார்னதும் விட்டுட்டேளே. நூல் அறுபடாம மூடி திறக்காது. அறுத்தவா சேர்த்திருக்கா, முடிச்சு இல்லாம சேர்த்திருக்கா. அது யாரால முடியும்? கோதண்டபாணி சார், உங்களுக்கு இழை பிணைக்கத் தெரியுமா?"

"புடவை வாங்கத்தான் மேடம் தெரியும்" என்றார் கோதண்டபாணி, எரிச்சலோடு.

வத்ஸலா முத்திரையைக் காவேரியிடம் நீட்டினாள்.

"தறியில பழைய பாவு நூல் தீர்ந்தா புதுப் பாவு நூலை எப்படிச் சேர்ப்பே, காவேரி?"

"இழையும் இழையுமா சேத்து, சாம்பல் தொட்டு முறுக்குவோம் மேடம். முடி போட்டா, இழை நுழையற விழுதுல சிக்கும். அதனால தறியில முடி போட கையே வராது."

"இதுல அந்த மாதிரி ஏதாவது இருக்கான்னு பாரு."

காவேரி கண்ணை மூடிக்கொண்டு இழையை விரலில் ஓட்டினாள். பாதியில் விரல் நின்றது. "இருக்குது. இங்க பிணைச்சிருக்குது." அவள் குரலில் சந்தோஷம் வந்துவிட்டது. "மாமா செய்யல! நான் சொன்னேன்ல!"

"பிரி" என்றாள் வத்ஸலா மெதுவாக.

காவேரி எப்போதும் பிரிக்கிற மாதிரி இழையைக் கட்டைவிரலால் பின்னுக்கு உருட்டினாள். பிரியவில்லை. இன்னும் இறுகியது. மறுபடி உருட்டினாள், அப்போதும் இறுகியது. அப்புறம், யோசித்து யோசித்து, முன்னுக்கு உருட்டினாள். இழை ரெண்டாகப் பிரிந்து கையோடு வந்தது.

அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்து போயிற்று. மற்றவர்கள் வலது கையால் பிணைத்தால் இழை ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், இது நேர் எதிர்ப்பக்கம் முறுக்கியிருந்தது. இடது கைக்காரன் முறுக்கிய முறுக்கு. இடது கையில் கட்டுப் போட்டதால் ஒரு வாய் சோறுகூடத் தானாகச் சாப்பிட முடியாமல் ஒருவன் சென்னையில் படுத்திருக்கிறான் என்பது ராம்ப்ரஸாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தன் மண்டையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இடது கையால பிணைக்கிறவா ஊர்ல பல பேர் இருப்பா" என்றாள் வத்ஸலா. "ஆனா அன்னிக்கு அந்த காம்பவுண்டுக்குள்ள..."

"ஒருத்தன்தான்" என்றாள் காவேரி. "எந்தம்பி."

"வேணாம் காவேரி!" தேவேந்திரன் எழுந்தேவிட்டான். "நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்திருக்கேனே. காலே போச்சு அவனுக்கு. இதுவும் அவன் தலையில எதுக்கு?"

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டாள் வத்ஸலா.

அவன் உட்கார்ந்தான். "மேட்டுல ஸ்டீயரிங் ஒடிக்கிறேன், பின்னாடியிலேர்ந்து வண்டி நேரா தள்ளுது. அப்பவே புரிஞ்சுபோச்சு மேடம். ஏண்டான்னு திரும்பிப் பாக்கறதுக்குள்ள கவுந்துட்டோம். வண்டியத் துடைக்கிறேன்னு முந்தின நாள் மத்தியானம் அவன்தான் உள்ள இருந்தான். பட்டறையில எங்கூட நின்னு வேலை கத்துக்கினவன்."

"ஏன் செஞ்சான்?" என்றார் மயில்வாகனம், நம்ப முடியாமல்.

பதில் சொன்னது காவேரிதான். "போன வருஷம் இவங்க கோதண்டபாணி ஐயாகிட்ட தோத்தாங்க. அவரு புது வண்டியில இதே லாக்கைக் கம்பெனியே போட்டுக் குடுத்திருக்குது. நாங்களும் போட்டுக்கலாமான்னு தர்மன் கேட்டான். 'கம்பெனி போட்டா ஸ்டாக்கு, நீ போட்டா மாடிஃபைடு'ன்னு இதே ரூம்புல சொல்லிச் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தறியில உக்காரல."

கோதண்டபாணி சுவரிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் செஞ்சது தப்பு. பெரிய தப்பு" என்றாள் வத்ஸலா. "ஆனா இந்த விதியும் சரியில்லை. யார் போட்டான்னு பார்த்துப் பிரிவு பிரிச்சிருக்கேள். வண்டியில அது இருக்கா இல்லையான்னு பார்த்துப் பிரிக்கணும். லாக் இருந்தா ஒரு பிரிவு, இல்லேன்னா இன்னொண்ணு. கம்பெனி, பட்டறை எல்லாம் மணலுக்குத் தெரியாது."

"எழுதுங்க மயில்வாகனம்" என்றார் கோதண்டபாணி. "என் வண்டி மாடிஃபைடுல ஓடட்டும்."

மயில்வாகனம் பேனாவை எடுத்தார். "விதியை மாத்திடறேன். தேவேந்திரன் மேல நடவடிக்கை இல்ல. தர்மன் பேரு இந்த ரூம்ப விட்டு வெளிய போகவேணாம். யாரோ செஞ்சாங்கன்னு முடிச்சுக்கலாம்மா. என்ன சொல்ற?"

எல்லாரும் காவேரியைப் பார்த்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பி மானம் தப்பும். ராம்ப்ரஸாத்தே அவள் சரி என்று சொல்லட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

"யாரோன்னு சொன்னா ஊரு மாமா பேரைத்தான் சொல்லும்" என்றாள் அவள். "நாளைக்குக் கூட்டம் நடக்கட்டும். நான் தர்மன்கிட்ட போறேன். சொல்றதும் சொல்லாததும் அவன் பாடு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராம்ப்ரஸாத்தான் காரை ஓட்டினான். பின்சீட்டில் காவேரியும் தேவேந்திரனும் இருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் காவேரி, "எங்கிட்டயும் பொய் சொன்னே இல்ல மாமா?" என்று மட்டும் கேட்டாள். தேவேந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் தர்மன் கண் விழித்துப் படுத்திருந்தான். தேவேந்திரனைக் கண்டதும் அவன் முகம் கோணியது. "மாமா, உங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்னுதான் நீங்க வராதபோது நிம்மதியா இருந்தேன்."

"அவரு ஏன் வரலைன்னு தெரியுமாடா?" காவேரி கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்: நான்தான் என்று அவன் ஒத்துக்கொண்டது, கல்யாணம் நின்றது, இன்றைக்கு நடக்கிற கூட்டம். ஒன்றையும் மறைக்கவில்லை, திட்டவும் இல்லை.

தர்மன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. "எனக்கு யாருமே சொல்லலக்கா" என்றான். அப்புறம், "மயில்வாகனம் ஐயாவுக்குப் போன் போடு. கூட்டம் நடக்குதா இப்போ?"

"வேணாண்டா" என்று தேவேந்திரன் போனைப் பிடுங்கப் பாய்ந்தான்.

காவேரி அவன் கையைப் பிடித்துவிட்டாள். ராம்ப்ரஸாத் நிற்கிறான், நர்ஸ் நிற்கிறாள் என்றெல்லாம் பார்க்கவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் வழிய வழிய, "விடு மாமா. அவன் பேசட்டும்" என்றாள்.

போனில் மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஐயா, தர்மன் பேசறேன்" என்றான் அவன். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி வெச்சுக்குங்க."