சொன்ன பேச்சு கேட்கும் நாய்

அவள் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் நாய் உட்கார்ந்தது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கூடத்தில், சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே வெறுமனே கிடந்த தரையைப் பார்த்தபடி, காதுகளைத் தலையோடு ஒட்டவைத்து, முதுகை விறைப்பாக நிமிர்த்தி, தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்பட்ட பிள்ளையைப் போல அது உட்கார்ந்திருந்தது. சிறிது நேரம் கழித்து, நகங்கள் தரையில் வழுக்கிக் கீச்சிட, முக்கி முனகி எழுந்து நின்றது. மறுபடி உட்கார்ந்தது.

“என்ன பெரியவரே, சாயங்கால உடற்பயிற்சியா?” என்றாள் சிரித்துக்கொண்டே.

நாய் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்தது. உட்கார்ந்தது. அதன் அடியில் தரை நனைந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள். பயத்தில் சிறுநீர் போயிருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க உடைந்த இடுப்பையும் மரத்துப்போன கையையும் நீவி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊரையே நடக்கவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், காலையில் கழுவாமல் போட்டுவிட்டுப் போன டம்ளர்தான் அவளை வரவேற்கும். விவாகரத்துக்குப் பிறகு வீடு அப்படி ஆகிவிட்டது. ஒரு நாயாவது வளர்க்கலாமே என்று நச்சரித்தது தம்பிதான். அவள் காப்பகத்துக்குப் போய், குட்டிகளெல்லாம் கம்பியில் தொற்றிக் குதித்துக் கத்திக்கொண்டிருக்க, கடைசிக் கூண்டில் சுவரோடு முகம் புதைத்து நின்ற, மூக்கெல்லாம் நரைத்த இந்தக் கிழத்தைக் கூட்டிவந்ததும் அவனே தலையில் அடித்துக்கொண்டான். எல்லாரும் குட்டியாகப் பார்த்து எடுப்பார்கள், நீ மட்டும் ரிட்டயர் ஆனதை எடுத்திருக்கிறாய் என்றான்.

இரண்டு வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்த நாய் என்பதைக் காப்பகத்துப் பெண் அன்றே சொல்லிவிட்டாள். இன்னொரு முறை திரும்பினால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள், வைத்துக்கொள்ள இடமில்லை. “ரொம்ப பயந்த சுபாவம் மேடம். ஆனா சொன்ன பேச்சு கேட்கும்,” என்றாள்.

முதலில் கட்டிலுக்கு அடியிலிருந்து அது வெளியே வரவே இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அவள் அதற்கு முதுகைக் காட்டியபடி தரையில் படுத்து, உள்ளங்கையில் சோற்றுருண்டையை வைத்து நீட்டிக்கொண்டு, கை மரத்துப்போகும்வரை காத்திருப்பாள். ஒரு மாலை, விரல் நுனியில் சூடான மூச்சு பட்டது. பிறகு நாக்கு. அவள் சத்தமில்லாமல் அழுதாள். எது வந்தாலும் இதைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

அது எழுந்து எழுந்து உட்காரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கால்நடை மருத்துவர் அதன் இடுப்பை அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார். மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, உட்காரும் ஒவ்வொரு தடவையும் உயிர் போகும் வலி இருக்கும் என்றார். பயிற்சி கொடுப்பதாக இருந்தால் உடனே நிறுத்தச் சொன்னார். தான் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை, யாரோ கூப்பிட்டதுபோல அதுவே போய் உட்காருகிறது என்றாள் அவள். மருத்துவர் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, நாய்க்குப் பின்னால் தரையில் போட்டார். அறையே அதிர்ந்தது. நாயின் காது மடல் அசையவில்லை.

“இதுக்குக் காது கேட்காதும்மா. ரொம்ப வருஷமாவே கேட்டிருக்காது,” என்றார். “யாரு கூப்பிட்டு இது போகப்போகுது?”

வீட்டுக்கு வந்ததும் அவள் சோபாவை இழுத்து அந்த இடத்தை அடைத்தாள். மறுநாள் நாய் குளியலறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்தது. அங்கே துணிக்கூடையை வைத்தாள். அடுத்த நாள் சமையலறை வாசலைப் பார்த்து உட்கார்ந்தது. அவள் நின்றிருந்த இடத்திலிருந்து கை நீட்டினால் தொடும் தூரம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாடை வந்தது, நெடுநாள் பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, பழைய துணியும் தைலமும் கலந்த அந்த வாடை. வீட்டில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ கைதட்டிச் சிரித்தார்கள்.

நாய் வலது முன்னங்காலைத் தூக்கியது.

கைகுலுக்க நீட்டுவதுபோல நீட்டியது. நீட்டியபடியே இருந்தது. உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடியது, அந்தக் கால் மட்டும் ஆடவில்லை. அவள் மண்டியிட்டு அதன் தோளைத் தொட்டாள். காலைத் தூக்கிப் பிடிக்கிற தசை கல்லாக இறுகியிருக்க வேண்டும். எத்தனையோ தோள்களைத் தொட்டுப் பழகிய விரல்கள் அவளுடையவை. தசையோ தளர்ந்து, துணிபோலக் கிடந்தது. கால் நீண்டிருந்தது, ஆனால் நாய் அதை நீட்டவில்லை.

யாரோ பிடித்திருந்தார்கள்.

பாதத்து ரோமம் ஒரு பக்கமாக அமுங்கியது. கட்டைவிரலால் தடவிக்கொடுப்பதுபோல. பிறகு கால் பொத்தென்று கீழே விழுந்தது.

காப்பகத்துக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் முதலில் மழுப்பினாள். பிறகு குரல் இறங்கியது. முதலில் வளர்த்தவர் தனியாக இருந்த ஒரு முதியவர், இறந்து நாளாகித்தான் கதவை உடைத்தார்கள் என்றாள்.

“அவர் நாற்காலி பக்கத்துலயே நாய் உக்காந்திருந்துச்சு மேடம். எலும்பும் தோலுமா. தீனி மூட்டை பக்கத்துலயே பிரிஞ்சு கிடந்துச்சு. வாய் வைக்கல.”

“ஏன்?”

“சாப்பிடுன்னு அவர் சொல்லல இல்ல.” என்றாள் அந்தப் பெண். “வேணும்னா திருப்பிக் கொண்டுவந்துடுங்க மேடம். நாங்க பார்த்துக்கறோம்.”

எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டாள்.

தம்பியைக் கூப்பிட்டாள். காரை எடுத்துக்கொண்டு உடனே வா, நானும் நாயும் உன் வீட்டுக்கு வருகிறோம் என்றாள். அவள் குரலைக் கேட்டு அவன் கேலி எதுவும் செய்யவில்லை. கிளம்பிட்டேன் என்றான்.

அவள் காத்திருக்கவில்லை. வாசலில் போய் நின்றாலும் போதும், இந்த நாலு சுவரை விட்டு வெளியே போனால் போதும். நாயை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். கனத்தது. அதன் இதயம் அவள் மார்பில் படபடவென்று அடித்தது. கூடத்தைத் தாண்டினாள். தாழ்ப்பாளைத் தொட்டாள்.

நாயின் கழுத்து பின்னால் இழுபட்டது.

கழுத்துப் பட்டை எதுவும் அது அணிந்திருக்கவில்லை. தோல் மட்டும் கொத்தாகத் திரண்டு, பின்னால் நீண்டு, இழுபட்டது. நாய் கத்தவில்லை. அவளைத்தான் பார்த்தது. அவள் இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. இன்னும் இழுத்தால் கழுத்து முறியும். கைகளைத் தளர்த்தினாள்.

நாய் தரையில் இறங்கி, தள்ளாடிப் போய், உட்கார்ந்தது. எழுந்தது. உட்கார்ந்தது. எழுந்தது. உட்கார்ந்தது. நிற்கவேயில்லை. இடுப்பில் எலும்பு உரசும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

“விட்டுடுங்க,” என்றாள் அவள், யாருமில்லாத கூடத்தைப் பார்த்து. கைகூப்பியிருந்தாள். “அதுக்கு வயசாயிடுச்சுங்க. அதால முடியல. உங்க பேச்சைத்தான் இத்தனை நாள் கேட்டுச்சே. போதும்ங்க. என்ன வேணும்னாலும் என்னைக் கேளுங்க. அதை விட்டுடுங்க.”

பக்கத்து வீட்டுச் சிரிப்பு நின்றது.

நாய் பெருமூச்சு விட்டது. ஒட்டியிருந்த காதுகள் மெல்ல விரிந்தன. முதுகு தளர்ந்தது. அது எழுந்து, நொண்டியபடி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய், சளக் சளக்கென்று வயிறு முட்டக் குடித்தது. அது தானாகப் போய்த் தண்ணீர் குடித்து அவள் பார்த்ததே இல்லை. பிறகு ஜன்னலோரம் சுருண்டு படுத்தது. வால் ஒரு தடவை தரையில் தட்டியது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ள நினைத்து ஓர் அடி எடுத்துவைத்தாள்.

முழங்கால் மடிந்தது.

அவள் மடக்கவில்லை.

உட்கார்ந்திருந்தாள். எழ நினைத்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். தைல வாடை. மிக அருகில். உச்சந்தலையில் ஏதோ படிந்தது. கனம். உலர்ந்த உள்ளங்கையின் கனம். விரல்கள் அவள் தலைமுடிக்குள் நுழைந்தன. காதுக்குப் பின்னால் இதமாகச் சொறிந்தன. சமத்து என்பதுபோல.

கார் வந்து நின்றது. மாடிப்படியில் காலடி.

“அக்கா?” கதவு தட்டப்பட்டது. “அக்கா, நான்தான். கதவைத் திற.”

வாயைத் திறக்கப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. தலையில் இருந்த கை பிடரிக்கு இறங்கியது. அழுத்தத் தொடங்கியது.

எதற்கு அழுத்துகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. எதிர்த்து நிமிர்ந்தாள். இன்னும் பலமாக அழுத்தியது. கழுத்தில் ஏதோ நெறுக்கென்றது.

ஜன்னலோரம் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்து வந்தது. அவளுக்கு நேர் எதிரே நின்று, அவள் கண்ணைப் பார்த்தபடியே, வலியோடு முன்னங்கால்களை நீட்டிப் படுத்து, தாடையைத் தரையோடு ஒட்டவைத்தது. அவள் பார்த்தாளா என்று கவனித்தது. பிறகு எழுந்து, முதலிலிருந்து, இன்னும் மெதுவாக, மறுபடி செய்து காட்டியது.