ஆறடித் தொட்டி

புதுத் தொட்டியில் காற்றுக் குமிழ் விடுகிற மோட்டாரே கிடையாது. பவளம் வளர்க்கிறவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. அலை கிளப்ப இரண்டு மோட்டார், அழுக்கை நுரையாக இழுத்து ஒரு கோப்பையில் சேர்க்க இன்னொன்று, அவ்வளவுதான். ஆனாலும் தண்ணீர் நிரப்பிய நாலாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே கூடத்துக்கு வந்த அருள்பாண்டியின் காதில், குளுக் குளுக்கென்று ஒரு சத்தம் விழுந்தது.

மூன்று மோட்டாரையும் நிறுத்திப் பார்த்தான். சத்தம் நின்றது. அப்பாடா என்று வாய் கொப்பளிக்கத் திரும்பினான். குளுக்.

அது அவனுக்குப் பழகின சத்தம்தான். எட்டு மாதம் அதே கூடத்தில் கேட்டது. அவன் அப்பா விருமாண்டிக்கு மூச்சுக்காக வைத்திருந்த ஆக்சிஜன் மெஷினில் சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்று உண்டு; காற்று அதற்குள் புகுந்து ஈரமாகித்தான் மூக்குக்குப் போகும். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரியில் இருபத்தெட்டு வருஷம் கல்லில் துளை போட்ட மனுஷன். இடது கைச் சுண்டுவிரலைக் கல்லுக்குக் கொடுத்தார், நெஞ்சைத் தூசிக்குக் கொடுத்தார், மகனுக்கு ஆனையூரில் வீட்டைக் கட்டிக் கொடுத்தார். அவர் கட்டில் கிடந்த இடத்தில்தான் இப்போது ஆறடித் தொட்டி நிற்கிறது.

முன்பு இருந்தது இரண்டடித் தொட்டி. பவளப் பைத்தியம் பிடித்தவனுக்கு இரண்டடி எந்த மூலைக்கு? கட்டில் இருந்தவரை பெரிய தொட்டிப் பேச்சை எடுக்க முடியவில்லை. கருமாதி முடிந்த மறுநாளே ஆறடித் தொட்டிக்குக் கண்ணாடி சொல்லிவிட்டான். மனைவி முத்துமீனா திட்டுவாள் என்றுதான் நினைத்தான். அவளோ, "மாமா படுத்திருந்த எடம் வெறிச்சுன்னு கெடக்கு. ஏதாச்சும் உசுரா இருக்கட்டுமே" என்றாள். அந்த நல்ல மனசைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கடல் இல்லாத ஊரில் பவளம் வளர்ப்பவனுக்குத் தண்ணீர்தான் பெரும்பாடு. எப்படியும் அப்பாவின் அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் பக்கம் போகவேண்டும். வண்டி ஏன் சும்மா திரும்பவேண்டும் என்று முப்பது காலி கேன்களையும் ஏற்றிக்கொண்டான். கரைத் தண்ணீர் அழுக்கு. அதனால் மண்டபத்தில் படகு பிடித்து ஆழத்துக்குப் போனான். படகின் இந்தப் பக்கம் அஸ்தி, அந்தப் பக்கம் கேன்.

"கொஞ்சம் தள்ளிப் போயி மோந்துக்கலாமேண்ணே" என்றார் படகுக்காரர்.

"கடல் எம்புட்டுப் பெருசு. வெயிலுக்கு முந்தி திரும்பணும்ணே" என்றான் அருள்பாண்டி.

சாம்பல் படகின் அடியில் நுழைந்து மறுபக்கம் வெள்ளையாகக் கலங்கி எழுந்ததை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டேதான் கேனை அமிழ்த்தினான்.

அந்தத் தண்ணீர் தெளியவே இல்லை. கோரிப்பாளையத்தில் மீன் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் போனில் எச்சரித்தார்: "தெளியாத தண்ணில பவளத்த வச்சுப்புடாதீங்க தம்பி. ஒரே நாள்ல செத்துப்போகும்." அவன் ஏற்கனவே வைத்துவிட்டிருந்தான். ஒன்றும் சாகவில்லை, கொழுத்தது. பழைய தொட்டியில் தூங்குமூஞ்சியாகக் கிடந்த ஒரு மென்பவளம், காம்புக்கு ஒரு கையாக, நூறு குட்டிக் கைகளை விரித்து விரித்து மூடியது. இயல்பாக அவை தத்தம் போக்கில் அசையும். இங்கே எல்லாம் சேர்ந்தே விரிந்தன, சேர்ந்தே மூடின. இரண்டு சின்ன அசைவு, ஒரு நீள அசைவு. அப்பா மூச்சு வாங்கியதும் அப்படித்தான்.

நுரைக் கோப்பையில் சாம்பல் நிறத்தில் சேறு சேர்ந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் கல்தூசி மாதிரி நறநறவென்றது. தைலம் மணத்தது. அந்த வீட்டில் இப்போது தைலம் தேய்க்கிற ஆள் யாரும் இல்லை.

பிறகு மாதாந்திர மின்தடை நாள் வந்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய முத்துமீனா வாசலில் செருப்பை மாட்டியபடி நின்றாள்.

"இதே மாதிரி ஒரு கரண்டு இல்லாத நாள்லதானே மாமா போனாரு. நீங்க ஒத்தையில இருக்காதீங்க."

"மோட்டாரப் பாக்கணும்ல."

"அதான் அம்புட்டுப் பெரிய பேட்டரி வாங்கிருக்கீங்களே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கும் மெஷினு கடைசி வரைக்கும் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு. நீங்க கூடவே இருந்தும் பொழைக்கல. அவரு ஆயுசு அம்புட்டுத்தான். வாரேன்."

மெஷின் ஓடவில்லை. அவன் கூடவும் இல்லை.

அப்பா போன அன்று மதியம் இரண்டு மணிக்குப் பழைய இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. மெஷின், தொட்டி இரண்டையும் அது தாங்காது. மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியின் ப்ளக்கைச் செருகினான். அப்பா விழித்துத்தான் இருந்தார். "அரை மணி நேரந்தாம்ப்பா. பாய் கடையில பேட்டரி மோட்டார் வாங்கிட்டு வந்துர்றேன்" என்றான். அவர் தொட்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "அதுவும் உசுருதானே. போயிட்டு வாப்பா" என்றார். கடையில் அப்போதுதான் புதுப் பவளப் பெட்டி பிரித்தார்கள். வாய் பிளந்து நின்றுவிட்டான். திரும்பியபோது மணி மூன்றரை. தொட்டியில் பவளங்கள் பூரித்துக் கிடந்தன. கட்டிலிலிருந்து ஒரு கை ப்ளக்கை நோக்கி நீண்டு, எட்டாமல் தொங்கியது. நாலு விரல்.

தொட்டியின் ப்ளக்கைப் பிடுங்கி மெஷினை மறுபடி ஓடவிட்டான். அதற்குப் பிறகுதான் மனைவிக்குப் போன் போட்டான். ஊரே வந்து அழுதது. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே காலில் விழுந்திருப்பான்.

இப்போதும் மணி இரண்டு. கூடத்தில் மின்விசிறி சுற்றுகிறது, புது இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறது, தெருவில் கோலப்பொடிக்காரன் கத்திக்கொண்டு போகிறான். தொட்டி மோட்டார் மட்டும் நின்றது. குனிந்து பார்த்தான். ப்ளக் கழன்று தரையில் கிடந்தது.

செருகினான். மோட்டார் ஓடியது. நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

நின்றது. ப்ளக் தரையில். இந்தத் தடவை அதைச் சுற்றி ஈரம்.

அவன் நெஞ்சும் நின்றது. வாயைத் திறந்தான், காற்று உள்ளே போகவில்லை. தவழ்ந்து போய்ச் செருகினான். மோட்டார் உறுமியதும் மூச்சு வந்தது. கையை எடுத்தான். ப்ளக் நழுவியது. மூச்சு போனது. மறுபடி செருகினான், அழுத்திப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

"அப்பா" என்றான். "தெரியாமச் செஞ்சுட்டேம்ப்பா." பொய். தெரிந்துதான் செய்தான். "முத்துமீனாகிட்டச் சொல்லிர்றேன். இன்னைக்கே சொல்லிர்றேன்."

தொட்டித் தண்ணீர் தெளியத் தொடங்கியது. பதினைந்து நாளாகத் தெளியாத தண்ணீர். சாம்பல் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. திரண்டது. கண்ணாடியில் உள்ளங்கையாகப் பதிந்தது.

நாலு விரல்.

குளுக்.

கண்ணாடியில் இருந்த கை இப்போது கண்ணாடியில் இல்லை. தைல வாசம். ப்ளக்கைப் பிடித்திருந்த அவன் விரல்கள்மேல் ஏதோ ஈரமாக, நறநறவென்று, வெகு பிரியமாகப் படிந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

"அரை மணி நேரந்தாம்ப்பா" என்றது குரல், காதோரம். கோபமே இல்லாத குரல்.

ப்ளக் கழன்றது. அருள்பாண்டி மல்லாந்து விழுந்தான். கையை நீட்டினான். ஒரு சாண் எட்டவில்லை. மோட்டார் ஏதும் ஓடாத தொட்டிக்குள் அந்த நூறு குட்டிக் கைகள் விரிந்தன, மூடின. இரண்டு சின்ன அசைவு, ஒரு நீள அசைவு. அவனுக்கு வராத மூச்சையெல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்டு.