துவர்த்து இறங்கவில்லை

காரின் கூரையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. ஆனால் தூரத்தில் வாய்க்கால் பாலத்தின்மேல் நின்ற கையாள் பொன்னப்பன், தலைக்குமேல் தூக்கிப் பிடித்த துவர்த்துத் துண்டை இறக்கவில்லை.

ஏற்பாடு எளியது. சத்தம் கேட்டால் தோளில் கிடக்கும் துவர்த்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நின்றால் இறக்க வேண்டும். காருக்குள் இருந்து பேசுகிறவருக்கு வெளியே எதுவரை கேட்கிறது என்று தெரியாது என்பதால், மைக் செட்டுக்காரன் யோசுவா எந்த ஊருக்குப் போனாலும் இப்படித்தான் சோதிப்பான்.

"எலே, அவன் நின்னுக்கிட்டே தூங்குதானா?" என்றார் வேதமாணிக்கம்.

"இல்ல சாரே. கேக்குதுண்ணு சொல்லுதான்."

"இங்க ஒண்ணும் கேக்கல்லியே."

"அதாக்கும் எனக்கும் மனசிலாவல்ல."

வேதமாணிக்கம் மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக்கு ஆலயம் கட்ட நிலம் கொடுத்த குடும்பம். அந்த வீட்டுப் படியில் எந்தக் காலத்திலும் போலீஸ் ஏறியதில்லை என்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொல்லும். நெய்யாற்றின்கரைத் தமிழ் ஊர்களும் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்கும் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அதற்காகப் போராடி இரண்டு வருஷம் முன் போலீஸ் குண்டில் செத்தவர்களுக்காகப் பாறசாலையில் நடக்கப்போகும் நினைவுக் கூட்டத்துக்கு வீட்டுப் பழைய காரைக் கொடுத்தார். அறிவிப்பையும் கூலிக்குரலிடம் விடாமல் தாமே வாசித்தார்.

"துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த நம் பிள்ளைகளுக்கு..."

அமரவிளையிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் சத்தம் நின்றது. பிறகு, ஒருவர் மூச்சுப் பிடித்து விடும் நேரம் கழித்து, தானாக வந்தது.

பொன்னப்பன் முதலில் சிரித்திருந்தான். "சாரிட்ட அடி வாங்கின குழாயாக்கும். சாரு வாயத் திறந்தா அது வாய மூடுது."

யோசுவா ஆம்ப்ளிஃபயரின் பின்மூடியைக் கழற்றினான். சூடேறிய வால்வுகளில் தூசி கருகும் வாடையும், பேட்டரித் தண்ணீரின் புளித்த நெடியும், சாலையோரக் கடையில் வாழைக்காய் பொரியும் எண்ணெய் மணமும் மாலை வெயிலில் ஒன்றாகக் கலந்து காருக்குள் வந்து உட்கார்ந்தன. பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினான். காரின் உடம்போடு சேரும் எர்த்து வயரை அவிழ்த்துத் தேய்த்து முறுக்கினான். மைக் வயரை முழம் முழமாக மடக்கிப் பார்த்தான். கூரை விளிம்பில் உரசித் தோல் போன இடத்தில் டேப் சுற்றினான்.

"இனி நிக்காது சாரே."

வாசித்தார். நம் பிள்ளைகளுக்கு. நின்றது.

யோசுவா கூரைமேல் ஏறிக் குழாயின் கழுத்தில் விரலை வைத்தான். சத்தம் வந்தால் அந்த இடம் துடிக்கும். அவன் தலையை ஆட்டினான். துடிப்பு இல்லை.

பாலத்தின்மேல் துவர்த்து உயர்ந்தே நின்றது.

அப்போதுதான் வேதமாணிக்கம் மற்றவர்களையும் கவனித்தார். வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை அப்படியே வைத்துக் காரைப் பார்த்தார்கள். கயிறு திரித்தவர்கள் தலைக்கட்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள், சவம் கடந்து போகும்போது செய்வதுபோல. வாழைக்காய் பொரித்த சத்யபாமா கரண்டியோடு சாலைக்கு வந்துவிட்டாள்.

"ஞான் கேட்டு சாரே," என்றாள் மலையாளத்தில். கண் நிறைந்திருந்தது. "பாவம் குட்டி."

"என்ன கேட்டாய்?"

அவள் திரும்பினாள். கடைக்குள் போய் அடுப்பை அணைத்தாள்.

பொன்னப்பனைக் கூப்பிட்டார். அவன் வந்து காருக்கு எட்டியே நின்றான். சிரிப்பு போயிருந்தது.

"குழாய் நின்னப்ப நீ ஏன் இறக்கல்ல?"

"நிக்கல்ல சாரே. சாரு நிறுத்தினதும் வேற ஆளு பேசுச்சு."

"யாரு?"

"சின்ன வயசுக் குரலு. தண்ணி கேட்டுது. வாயில துணி வச்சு அடைச்ச மாதிரி." அவன் தரையைப் பார்த்தான். "சாருக்க வீட்டுப் பேரையும் சொல்லுச்சு. நான் போறேன் சாரே."

"ரேடியோ கலந்திருக்கும்," என்றார் வேதமாணிக்கம்.

"ஆமா சாரே," என்றான் யோசுவா. "இருக்கும்."

அவருக்குப் பயம் வரவில்லை. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, நெடுநாள் தொடாத அறையின் கதவைத் திறப்பதுபோல நினைத்துப் பார்த்தார். துப்பாக்கிச் சூடு நடந்த வருஷம் மகன் தேவகுமார் தொடையில் குண்டோடு விடியற்காலையில் வந்து பின்கதவைத் தட்டினான். வைத்தியரைக் கூப்பிட்டால் போலீஸ் படியேறும். கூப்பிடவில்லை. காய்ச்சலில் பையன் தண்ணீர், தண்ணீர் என்று கத்திய நேரத்தில் சாலையில் போலீஸ் வண்டி வந்து நின்றது. அவர் சிவப்புக் கரைத் துவர்த்தைச் சுருட்டாமல் விரித்து, அவன் வாயில் வைத்து அழுத்தினார். உள்ளங்கைக்குக் கீழே துணி உள்வாங்கிப் புடைத்தது. வண்டி போனபிறகு கையை எடுத்தார். துணி அசையவில்லை. மணி அடிக்காமல், போதகர் வராமல், பின்பக்கப் பிலா மரத்தடியில் அந்தத் துவர்த்தோடு புதைத்தார். பையன் கொழும்புக்குப் போனான் என்றார். ஊர் நம்பியது. மனைவி கிருபாபாய் அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. வீட்டின் பேர் நின்றது.

"பேட்டரியக் கழற்று," என்றார்.

யோசுவா மைக் செட்டின் பேட்டரியைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான். ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் மங்கி அணைந்தன. தேனீக்கூடுபோல இருந்த இரைச்சலும் அடங்கியது. யோசுவா காரை வீட்டுப் பக்கம் திருப்பினான். காற்று, சக்கரம், சரளைக்கல். வேறு சத்தமில்லை. ஆனால் வழியில் ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது. ஆட்கள் இறங்கி வந்தார்கள். காருக்குப் பின்னால் நடந்தார்கள். எல்லாருடைய முகமும் கூரையிலிருந்த குழாயை நோக்கி உயர்ந்திருந்தது.

"எலே, வயர அறுத்துப் போடு."

"அறுத்தாச்சு சாரே." யோசுவா திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கன்னம் நனைந்திருந்தது. "இப்ப எனக்கும் கேக்குது."

வீடு வந்தபோது கருக்கல் இறங்கிவிட்டது. கூட்டம் மதிலுக்கு வெளியே நின்றது. அவர் நிமிர்ந்தபடியே படியேறினார். விளக்கு ஏற்றியிருக்கவில்லை. அடுக்களையில் கிருபாபாய் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

அவள் பிலா மரத்தைப் பார்த்து நின்றாள். இரண்டு கைகளும் தலைக்குமேல். கைகளுக்கிடையில் ஒரு துவர்த்து. அவளுக்கு அந்த ஏற்பாட்டை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"கேக்குது மக்களே," என்றாள், மகனைப் பார்த்துச் சொல்வதுபோல. இரண்டு வருஷம் கிடந்த குரல். "நல்லா கேக்குது. எல்லாரும் கேக்குதாவ. நீ சொல்லு."

வேதமாணிக்கம் காதைக் கொடுத்தார். இலை அசையவில்லை. சீவிடுப் பூச்சியின் சத்தமும் இல்லை. ஒன்றுமில்லை.

திரும்பினார். மதில் நெடுக ஆட்கள். பொன்னப்பன். சத்யபாமா. யோசுவா. துவர்த்து, முந்தானை, வெறுங்கை. எல்லாம் மேலே. யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் மரத்தடியைப் பார்த்தார்கள்.

மறுபடி அவளைப் பார்த்தார்.

துவர்த்துக்குச் சிவப்புக் கரை. அதிலிருந்து ஈரமண் உதிர்ந்து அவள் தலைமுடியில் விழுந்துகொண்டிருந்தது. மரத்தடி மண் கலையாமல் கிடந்தது.

காற்று இல்லை.

துவர்த்தின் நடுவில், ஒரு வாயின் அகலத்துக்கு, துணி உள்வாங்கியது. புடைத்தது. உள்வாங்கியது.