ரெக்கார்டு ரூம் என்றொரு ஃபோல்டர்

அன்று மதியம் அந்த நில அளவை அலுவலகத்தில் இருந்தவர்கள்: தன் அறையில் சாப்பிட்ட மயக்கத்தில் கிடந்த மேலாளர், முன்னறையில் இருமிக்கொண்டே தட்டச்சு செய்த, எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் டைப்பிஸ்ட், அவள் பக்கத்தில் குச்சி என்று பெயரெடுத்த வரைபடக்காரன், பின்னறையில் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் தலைமை எழுத்தர். மற்ற மூவரையும் தலைமை எழுத்தருக்குப் பிடிக்காது. கம்ப்யூட்டரை அறவே பிடிக்காது.

"சாயங்காலத்துக்குள்ள ஃபைலை எல்லாம் ஃபோல்டர் ஃபோல்டரா பிரிச்சு வைங்க. முடியலைன்னா உங்க சீட்டு அக்காவுக்கு" என்று காலையில் மேலாளர் சொல்லியிருந்தார். முப்பது வருடம் காகிதக் கட்டு கட்டிய கை இது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. இதற்கு ஒரு படிப்பு வேறு. தூ.

யாரும் உருவாக்காத ஃபோல்டர்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தன. முன்னறை. பின்னறை. மேலாளர் அறை. ரெக்கார்டு ரூம். முன்னறையைத் திறந்தார். உள்ளே இரண்டு: அக்கா, குச்சி. அக்காவுக்குள் ஒரே ஒரு ஒலிப்பதிவு. அழுத்தினார். ஒரு இருமல். அது முடிந்ததும் சுவருக்கு அப்பால் அதே இருமல், அதே இழுப்போடு.

"என்னம்மா, விளையாட்டா?"

"உங்ககூட விளையாட எனக்கென்ன பைத்தியமா சார்? ஃபோல்டர் புரியலைன்னா வாயைத் திறந்து கேளுங்க."

குச்சி சிரித்தான். இவருக்குக் காது சுட்டது. வேலை முடிந்த கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போகும். அவருக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். போய்த் தொலை என்று அக்கா ஃபோல்டரை மவுஸால் பிடித்து இழுத்து அதற்குள் போட்டார்.

தட்டச்சுச் சத்தம் பாதிச் சொல்லில் நின்றது.

நின்ற இடத்தில் மின்விசிறியின் முனகலும், எங்கோ குழாய் சொட்டுவதும், வெயிலில் காய்ந்த ஜன்னல் கட்டை மெல்ல நெட்டி முறிப்பதும், ஒவ்வொன்றாக அறைக்குள் நுழைந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தன.

"சார், அக்கா அங்க வந்தாங்களா? செருப்பு மட்டும் இங்க கிடக்கு."

"எனக்கென்னடா தெரியும்?"

சொல்லி முடிக்கவில்லை. நடைபாதைக் கோடியில், பூட்டிய ரெக்கார்டு ரூமுக்குள், இருமல்.

திருப்பி எடுத்துப் போட்டுவிடலாம். எப்படி? கிளிக் செய்தார். அசையவில்லை. குச்சியைக் கேட்டால் ஒரு நிமிட வேலை. அந்தப் பொடிப்பயலிடமா? அதற்கு இதுவே மேல் என்று சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கதவைத் திறந்தார். மக்கிய காகிதத்தின் நாற்றம். விளக்கு எரியவில்லை. உள்ளே நான்கு அடி வைத்தார். இரும்பு அலமாரி. வரிசையாகக் கட்டுகள். ஒரு கட்டின் நாடாவுக்குள் தலைமுடி.

அக்கா. நான்காக மடித்து, இறுக்கிக் கட்டி, மேலே சீட்டு. சீட்டில் இவருடைய கையெழுத்து.

கட்டு இருமியது.

பக்கத்தில் ஓர் இடம் காலி.

பின்னறையிலிருந்து குச்சியின் பேச்சு கேட்டது.

"சார், ஹெட்கிளார்க் சீட்ல ஆளைக் காணோம். அவர் பேர்ல ஒரு ஃபோல்டர் மட்டும் ஸ்க்ரீன் நடுவுல கிடக்கு. எங்க போட?"

மேலாளரின் கொட்டாவி. "அந்தாளா? பழசோட தூக்கிப் போடு."

"டேய்... தம்பி... எப்படிடா இதைத்..."

கேட்க அவர் வாய் திறந்தது. குரல் வரவில்லை. முழங்கால்கள் தாமாகவே மார்பை நோக்கி மடிந்தன.

தூரத்தில் மவுஸ் ஒருமுறை சொடுக்கியது.

அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.