பச்சைப் புள்ளி எரிகிறது!

காவல் நிலையத்தில் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் சுபத்ரா எடுத்தாள்.

“மேடம்... மாடம்பாக்கத்துலேர்ந்து ரமா பேசறேன். என் பையன் நிகில் ஆன்லைன்ல ரம்மி ஆடிண்டிருக்கான்!”

“கூப்பிட்டுக் கண்டிச்சு வைங்கம்மா. இதுக்கெல்லாம் போலீஸ் எதுக்கு?”

“கண்டிக்க முடியாது மேடம்.”

“ஏன்?”

“அவன் செத்துப் போயிட்டான். போன மாசம்...”

சுபத்ராவின் கையிலிருந்த டீ கிளாஸ் பாதியில் நின்றது.

ஞாபகம் வந்துவிட்டது. மொட்டை மாடியிலிருந்து விழுந்த பையன். ரம்மியில் தோற்றான், கடன்காரர்கள் விரட்டினார்கள், குதித்துவிட்டான் என்று அப்பா ஸ்ரீரங்கன் சொன்னார். ரம்மிக் கணக்கும் நிகில் பெயரில், நிகிலின் ஆதாரில்தான் இருந்தது. தற்கொலை என்று எழுதிக் கேஸை மூடியவள் சாட்சாத் சுபத்ராவேதான்!

அரை மணி நேரத்தில் ரமாவின் வீட்டில் இருந்தாள். கூடவே கான்ஸ்டபிள் எபி.

மாலை போட்ட படத்தில் நிகில் சிரித்துக்கொண்டிருந்தான்.

“என் பிள்ளையைக் கொன்னது எதுன்னு பார்க்கணும்னு நானும் அந்த ஆப்பைப் போட்டேன் மேடம். அவன் பேரைத் தேடினேன். பக்கத்துல பச்சைப் புள்ளி எரியறது!”

“பச்சைப் புள்ளின்னா?”

“இப்போ ஆடிகினு கீறான்னு அர்த்தம் மேடம்!” என்றான் எபி.

“நேத்து அவன் மேசையிலேயே போய் உக்காந்தேன். எதிர்ல நிகில்! சீட்டு எடுத்தான்... போட்டான்... ‘கண்ணா, அம்மாடா’ன்னு டைப் பண்ணினேன்.”

“அப்புறம்?”

“எழுந்து போயிட்டான்.”

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. சுபத்ரா மாலை போட்ட படத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

“உங்க ஹஸ்பண்ட் எங்கேம்மா?”

“சர்க்காரோட கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அப்பவே போயிட்டார். ரம்மியைத் தடை பண்ணணும்னு பேசப் போறார்.” ரமா சுபத்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஊரே என் பிள்ளையை சூதாடிங்கறது மேடம். அவன் எங்கிட்ட பொய் சொன்னதே இல்லை. அவன் குதிச்சானா, இல்லையா? எனக்கு அது தெரிஞ்சா போதும்!”

*

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம்.

மேடையில் ஓய்வு பெற்ற நீதிபதி. ஆன்லைன் சூதாட்டத்தை அடியோடு தடை செய்வதா, லைசென்ஸ் கொடுத்துக் கட்டுப்படுத்துவதா? மக்கள் சொல்லலாம்!

ரம்மி கம்பெனியின் வக்கீல் ஷ்யாம்சுந்தர் மைக்கை விடுவதாக இல்லை.

“தடை போட்டா ஆடறவன் திருட்டு ஆப்புக்குப் போவான். அங்கே யார் சட்டையைப் பிடிப்பீங்க? லைசென்ஸ் கொடுங்க. இவ்வளவுக்கு மேல ஆடக் கூடாதுன்னு எல்லை போடுங்க. எங்க ஆப்ல ஆதார் இல்லாம ஈ, எறும்பு நுழைய முடியாது!”

கீழே இறங்கியவரைச் சுபத்ரா மடக்கினாள்.

“செத்தவங்க நுழையலாமா சார்?”

விஷயத்தைச் சொன்னதும் வக்கீலின் முகம் வெளுத்தது. ஆபீசுக்குப் போன் போட்டு, நிகில் கணக்கு ஆடிய நேரங்களை வரவழைத்தார்.

“முதல் நாள் ஒரு தடவைதான் முகம் பார்ப்போம் மேடம். அப்புறம் ஓடிபி போதும். தினமும் பார்க்கணும்னா சட்டம் வரணும். அதைத்தானே நானும் கேக்கறேன்?”

“சட்டம் வந்தாத்தான் மூஞ்சியைப் பார்ப்பீங்களா?”

வக்கீல் தன் போனில் வந்த பட்டியலை எபியிடம் நீட்டினார்.

திரையைத் தள்ளிக்கொண்டே போன எபி நிமிர்ந்தான்.

“மேடம்! பேய் நாள் பூரா ஆடுது. ஆனா தெனம் ஒன்றரை மணி நேரம் கப்சிப். திங்கக்கெழமைன்னா காலீல. செவ்வாய்னா மூணு மணிக்கு மேல. நேத்து உச்சி வெயில்ல. இன்னா மேடம், பேய்க்கும் ஷிப்ட்டு மாத்திகினே கீறாங்களா?”

சுபத்ரா பதில் சொல்வதற்குள் மைக் அழைத்தது.

“அடுத்து... மாடம்பாக்கம் ஸ்ரீரங்கன்!”

முதல் வரிசையில் அவர் எழுந்தார். பளிச்சென்று நெற்றியில் நாமம். மகனைப் பறிகொடுத்த மனிதர் என்று மண்டபமே உச்சுக் கொட்டியது.

“ஐயா, பத்து நிமிஷம் கழிச்சுப் பேசறேனே... இன்னிக்கு வியாழன். மூணு மணி வரைக்கும் ராகு காலம்.”

நீதிபதி சிரித்தபடி தலையசைத்தார்.

சுபத்ரா சிரிக்கவில்லை. கூடவே வந்திருந்த ரமாவிடம் குனிந்தாள்.

“நிகில் ராகு காலம் பார்ப்பானாம்மா?”

“அவனா? பைக்கையே வேணும்னுட்டு ராகு காலத்துலதான் எடுத்தான். இவர்தான் மிக்ஸி போடக்கூட...”

ரமாவின் பேச்சு அப்படியே அறுந்தது.

மணி மூன்று.

அவள் கையிலிருந்த போனில்... பச்சைப் புள்ளி எரிந்தது!

முதல் வரிசை நாற்காலி காலி!

கை கழுவும் இடத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார் ஸ்ரீரங்கன். கையில் ரமா பார்த்தேயிராத ஒரு போன். திரையில் பதிமூன்று சீட்டு. மேலே பெயர்... நிகில்!

“பேசறதுக்கு முன்னாடி... ஒரே ஒரு ஆட்டம்...” என்றார்.

“எபி, போனை வாங்கு. சொல்லுங்க சார். உங்க பையன் எப்படி விழுந்தான்?”

ஸ்ரீரங்கன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“எனக்கு அரசாங்க உத்தியோகம். என் பேர்ல ஆட முடியுமா? கரண்ட் பில் கட்டற ஆப்புடா, ஒரு தடவை மூஞ்சியைக் காட்டுன்னேன். காட்டினான். கடன்காரன் அவனைத் துரத்தினப்புறம்தான் அவனுக்கே தெரிஞ்சது. மாடிக்கு வந்து போனைப் பிடுங்கினான். நான் இழுத்தேன். கைப்பிடிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் சரிஞ்சுட்டான். அவன் கை என்னோட ஒரு கையில... போன் இன்னொரு கையில...”

“போனை விட்டுட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கலாமே!”

“பிடிச்சிருக்கலாம்...” தலை குனிந்தது. “ஜெயிச்சிண்டிருந்தேன் மேடம்.”



ரமா நெருங்கி வந்தாள்.

“அம்மாடான்னு நான் அடிச்சேனே... அப்போ எங்கே இருந்தேள்?”

“அடுத்த ரூம்ல. படிச்சேன் ரமா. தாங்க முடியல... வேற மேசைக்குப் போயிட்டேன்.”

அவள் சுபத்ராவின் பக்கம் திரும்பினாள்.

“என் பிள்ளை குதிக்கலை. அவன் சூதாடியும் இல்லை. உங்க கையாலயே மாத்தி எழுதுங்கோ மேடம்.”

“எழுதறேம்மா.” சுபத்ராவுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

எபி அந்தப் போனை அணைத்தான்.

பச்சைப் புள்ளி மறைந்தது. ரமா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

ஜீப்பில் ஏறும்போது ஸ்ரீரங்கன் முணுமுணுத்தார்.

“தடை பண்ணணும்னு பேச வந்தது நடிப்பில்லை மேடம். என்னால நிறுத்த முடியல. சட்டமாவது என்னை நிறுத்தும்னு பார்த்தேன்...”

எபி சாவியைத் திருகினான்.

“பேஜாராவாத சாரே! ஊருக்குத் தடை வருதோ, லைசென்ஸ் வருதோ... உனுக்கு இன்னிலேர்ந்து தடைதான். உள்ள போன் கெடையாது, சீட்டு கெடையாது... ராகு காலம் மட்டும் நாள் பூரா கீது!”