பூசணியின் ரத்தத்தில் இல்லாத ஒன்று

அன்றைய மழைக்குக் கண்மண் தெரியவில்லை. அவளுக்கும்தான்.

ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்த வேகத்தில், வராந்தாவில் ஒதுங்கி நின்றவன் மேல் மோதாமல் போனது அவன் செய்த புண்ணியம். கூட வேலை செய்பவர்கள் அவளுக்குச் ‘சூறாவளி’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

“ரத்தம் குடுக்கத்தானே வந்தீங்க?”

அவன் நிமிர்ந்தான். நனைந்த நெற்றி... இமை நுனியில் விழலாமா வேண்டாமா என்று நின்ற ஒரு துளி... எதற்கும் அவசரப்படாத இரண்டு கண்கள். அடுத்து என்ன கேட்க வந்தோம் என்பதே அவளுக்கு மறந்து போனது.

“ம்...” என்றான்.

“அப்ப இங்க நின்னு என்ன வேடிக்கை? உள்ள வாங்க. காலைலேர்ந்து ஒருத்தரும் வரல. மழை பேஞ்சா ரத்தம் கரைஞ்சிடுமா என்ன?”

“குடை இல்லாம வந்ததுல பாதி கரைஞ்சாச்சு. மிச்சம் இருக்கான்னு நீங்கதான் பாக்கணும்.”

வந்த சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு, அவனை நர்ஸக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். அதற்கு மேல் அவள் அங்கே நிற்கக்கூடாது. எந்த ரத்தம் யாருடையது என்று ஆராய்ச்சி செய்பவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. எண் போட்டால் குழம்புகிறது என்று நர்ஸக்கா, ரத்தம் தர வருகிறவர்களுக்கெல்லாம் காய்கறிப் பெயர் வைத்து, அவர்களிடமும் சொல்லிவிடுவாள். மழை விட்டதும் இன்னும் சிலர் வந்தார்கள். மாலையில் வெண்டை, அவரை, பூசணி, பாகல் என்று குழாய்கள் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தன.

இதில் அவன் எந்தக் காயோ... என்று ஒரு நினைப்பு வந்தது. வேலைக்கு உதவாத நினைப்பு என்று அதைத் தள்ளிவிட்டாள். அது போவேனா என்றது.

அவள் வேலை இதுதான். நம் ரத்தத்தில் ஊர்க்காவல் சுற்றும் சில செல்கள் உண்டு. இயற்கைக் கொல்லி செல்கள் என்று பெயர். எதிரே வரும் ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பார்க்கும். நம்மவன் என்றால் விட்டுவிடும், நோய் புகுந்தவன் என்றால் தீர்த்துவிடும். தொட்டுப் பார்க்கும் கைகள்தான் ஏற்பிகள். ‘விடு’ என்று சொல்லும் கை ஒன்று, ‘அடி’ என்று சொல்லும் கை இன்னொன்று. அந்த ‘அடி’ கைக்கு என்.கே.ஜி.டூ.சி என்று பெயர். குறிப்பிட்ட ஒரு வைரஸ் வந்துபோன உடம்பில் இந்தக் கை பெருகி நிற்கிறது என்று காட்டுவதற்காக அவள் ராப்பகலாக உழைத்திருந்தாள். அடுத்த வாரம் பெரிய குழுவின் முன் பேச வேண்டும். அவர்கள் தலையாட்டினால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் தலைவி மேடம், “இவர்தான் நம்ம புதுப் புள்ளியியல் நிபுணர்” என்று ஒருவனை அறிமுகம் செய்தார்.

அதே கண்கள். இன்று காய்ந்திருந்தன, அவ்வளவுதான். அவள் நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளி அடங்கியது.

அடங்கியது நல்லதாயிற்று. ஏனென்றால் அவள் படங்களைக் காட்டி, “பூசணில மட்டும் அந்த ஏற்பி ஒரு பொட்டுகூடத் தெரியல. சாம்பிள் கெட்டிருக்கு. அதை எடுத்துடலாம்” என்றதும், அவன் வாயைத் திறந்தான்.

“கெட்டிருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?”

“மத்தவங்க மாதிரி இல்லையே.”

“மத்தவங்க மாதிரி இல்லாததெல்லாம் கெட்டதா?”

“பூசணி இருந்தா என் முடிவு பலவீனமாகுது. புரியுதா?”

“நல்லாவே புரியுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க.”

அறையே சிரித்தது. தலைவி மேடம்கூட. அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

கூட்டம் முடிந்ததும் நடைவழியில் அவனை மறித்தாள். “நான் செஞ்ச சோதனைல என் கை இதுவரைக்கும் தப்பினதில்ல. யாரை வேணா கேட்டுப் பாருங்க.”

“கேக்க வேண்டாம், நம்பறேன்” என்றான் அமைதியாக. “உங்க கை தப்பலன்னா, பூசணி சொல்றதும் பொய்யில்லையே.”

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

வீட்டில் அம்மா கேட்டாள். “யார் மேலடி கோபம்?”

“ஒரு கணக்கன் மேல.”

“கோபம் வந்தா இவ்ளோ நேரமா கண்ணாடி பாப்பாங்க?”

மறுநாள் காலை வீம்பை விழுங்கிக்கொண்டு நர்ஸக்காவிடம் போனாள். “பூசணியை இன்னொரு தடவை வரச்சொல்லணுங்க்கா. நானே திரும்பச் செஞ்சு பாக்கறேன்.”

குழாய்களை வாங்கிப்போக அவள் காத்திருந்த நேரத்தில், நர்ஸக்கா விதியை மறந்துவிட்டு உரக்கக் கூப்பிட்டாள். “பூசணி, உள்ள வாங்க.”

சட்டைக் கையை மடித்தபடி அவன் வந்தான்.

“நீங்களா...?”

“நானேதான்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா என் ரத்தத்துக்காக வாதாடறேன்னு நினைப்பீங்க.” நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினான். “இன்னொண்ணையும் சொல்லிடறேன். அன்னிக்கு நான் ரத்தம் குடுக்க வரல. வேலைல சேர்ற இடத்தப் பாத்துட்டுப் போலாம்னு வந்தவன், மழைக்கு ஒதுங்கினேன்.”

“அப்புறம் ஏன் ‘ம்’னீங்க?”

“நீங்க கேட்டீங்க...” என்றவன் பார்வையை ஊசியின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுபடி செய்தாள். மற்ற ஏற்பிகள் எல்லாம் திரையில் பளிச்சென்று வந்து நின்றன. அந்த ஒன்று மட்டும் இல்லை. மரபணுவையே எடுத்துப் பார்த்தாள். அதை உண்டாக்கும் மரபணுவே அவனிடம் இல்லை. சாம்பிள் கெடவில்லை, கையும் தப்பவில்லை. இவனைப் போல் அது இல்லாமலே பிறக்கிறவர்களும் உண்டு, அவ்வளவுதான். அது தெரிந்திருந்தும் தன் மேசைக்கே அப்படி ஒருவர் வந்து நிற்பார் என்று அவள் நினைக்கவில்லை.

அவனிடம் அதைச் சொல்லப் போனபோது, எப்போதும் நிதானமாக இருக்கும் அந்தக் கண்களில் முதல் முறையாக ஒரு கலக்கம் பார்த்தாள்.

“எனக்கு ஏதாவது... குறையா?”

“குறையே இல்ல. அது இல்லாமலே இத்தனை வருஷம் நல்லாத்தானே இருக்கீங்க. அந்த வேலையப் பாக்க உங்க உடம்புல வேற கை இருக்கு.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “நான்தான் உங்களைத் தூக்கிப் போடப் பாத்தேன். மன்னிச்சிடுங்க.”

குழுவின் முன் பேசும் நாள் வந்தது. கடைசி வரிசையில் அவனும் உட்கார்ந்திருந்தான். பூசணியை எடுத்துவிட்டால் படம் இன்னும் அழகாகத்தான் இருந்திருக்கும். அவள் அதை முதல் படமாகவே வைத்தாள். “இவரை நான் நீக்கப் பாத்தேன். நீக்கியிருந்தா தப்பு பண்ணியிருப்பேன். இந்த ஏற்பி இல்லாதவங்க உடம்பு அதே வைரஸை எப்படிச் சமாளிக்குது... அதுதான் இனி என் கேள்வி” என்று குரல் தடுமாறாமல் சொன்னாள். கேள்விகள் சரமாரியாக வந்தன. எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னாள். கடைசியில் குழு தலையாட்டியது.

அன்று சாயங்காலம் தலைவி மேடம் தட்டிக்கொடுத்தார். “ஒரு விஷயம். இனிமே உன் கணக்கை வேற ஒருத்தர் பாப்பாங்க. நம்ம புது நிபுணரே வந்து, ‘இவங்க வேலை எனக்கு வேண்டாம்’னு சொல்லிட்டார்.”

ஜெயித்த சந்தோஷம் அப்படியே வடிந்தது. வேண்டாமா...? அவன் சொன்னதைக் கேட்டு, ஊரறியத் தப்பை ஒப்புக்கொண்ட பிறகுமா? சூறாவளி நேராக அவன் அறைக்குப் போய் நின்றது.

“என் வேலை உங்களுக்கு அவ்ளோ இளக்காரமா?”

அவன் எழுந்தான். “இல்ல.”

“அப்ப ஏன் வேண்டாம்னீங்க?”

“என் ரத்தம் இருக்கற ஆய்வுக்கு நான் கணக்குப் பாக்கறது முறையில்ல. முதல் நாளே விலகியிருக்கணும். அது ஒரு காரணம்...”

“இன்னொண்ணு?”

மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தான். பிறகு கோணலாக்கினான்.

“நீங்க அங்க பேசினப்ப, கேள்வி கேட்ட ஒவ்வொருத்தர் மேலயும் எனக்குக் கோபம் வந்துது. நீங்க ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டேன். இப்படி மனசு ஒரு பக்கம் சாஞ்சவன் நியாயமா கணக்குப் பாக்க முடியாது. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப... அதான் வேண்டாம்னேன்.”

அவளுடைய கோபம் எந்த வழியாகப் போனதென்று அவளுக்கே தெரியவில்லை. தயங்குவது அவள் பழக்கமில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவன் எதிரில் நின்றாள்.

“எனக்கும்தான். கணக்கை வேற யாராவது பாக்கட்டும்... நீங்க என்னைப் பாருங்க.”