வெள்ளிக்கிழமை மீன் வாடை

வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பட்டறைக்குள் மீன் வாடை அடித்தது. பொன்னுரங்கம் கம்பிச்சுருள் கட்டிக்கொண்டிருந்த மோட்டாரைக் கீழே வைத்தான். வார்னிஷும் செம்புக் கம்பியும் சூடான தூசியும் கலந்து எப்போதும் வீசும் வாசனைக்கு அடியிலிருந்து, ஈரக்கூடையின் கவிச்சி மெல்ல மெல்ல மேலேறி வந்தது. வீட்டில் யாரும் மீன் வாங்கவில்லை. கொண்டுவருகிறவள்தான் போன மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாளே.

எல்லம்மா. கோவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் தாம்பரம் வந்து, சேலையூர்த் தெருக்களில் மீன் விற்றவள். மழை பிடித்தால் பட்டறையின் தகரக் கதவோரம் ஒதுங்குவாள். கதவைத் தட்டித் தண்ணீர் கேட்பாள்.

இரண்டு தடவை செம்புக் கம்பி களவு போன ஆத்திரத்தில், அந்தக் கதவுக்குத்தான் அவன் யாருக்கும் தெரியாமல் கரண்ட் கொடுத்தான். ராத்திரி போடுவான், விடிவதற்குள் எடுத்துவிடுவான். ஒருநாள் அசந்து தூங்கிவிட்டான். அன்றைக்கு விடிகாலை மழையில் எல்லம்மா வந்து கதவைத் தொட்டாள்.

கதவுக்குக் கரண்ட் கொடுத்த கம்பியைப் பிடுங்கி ஒளித்த பிறகுதான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டான். மாரடைப்பு என்று முதலில் சொன்னவனும் அவன்தான். அவன் மனைவி தனம், எல்லம்மாவின் தலையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். வண்டி பிடித்துப் பிணத்தை ஊருக்கு அனுப்பியதற்காகத் தெருவே அவனை நல்ல மனுஷன் என்றது. சீ, அதையும் கேட்டுக்கொண்டு நின்றோமே என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது.

தனம் சமையலறை வழியாகக் காபி கொண்டுவந்தாள். வெளியே மழை வலுத்தது. பொசுக்கென்று கரண்ட் போனது. பக்கத்து வீட்டு டிவியில் பாட்டு பாதியில் நின்றது.

தகரத்தில் ஒரு தட்டு. ஈரக் கையால் தட்டுகிற சத்தம்.

"யக்கா, ஒரு சொம்பு தண்ணி குடு. நனைஞ்சிகினு நிக்கிறேன்."

"எங்கியோ கேட்ட குரலா இருக்கே. பாவம், திறந்து விடுங்க" என்றாள் தனம்.

அவன் அசையவில்லை. அவளே இருட்டில் கதவை நோக்கி நடந்தாள்.

தொடாதே என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். கம்பிதான் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

கரண்ட் வந்தது.

பல்பு மங்கலாக எரிந்தது. தகரம் உறுமியது. தனத்தின் கை தாழ்ப்பாளோடு ஒட்டியிருந்தது. வளையல்கள் படபடத்தன.

கழுத்தை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்ட பார்வை.

கதவிடுக்கு வழியே உள்ளே நீண்டிருந்த ஈர விரல்கள், செதில் ஒட்டிய விரல்கள், அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தன.